பேகனின் போர்வையும் காக்டெயிலின் பற்றும்

ஓர் உயிர் மனிதரிடம் காட்டும் அன்பு, அந்த மனிதரே தம் செய்கையால் அதனுள் மூட்டிவிட்ட வேட்கையிலிருந்து எழுவதாக இருக்குமானால், அதை ஏற்று மகிழ்வது அறமா, ஏற்க மறுப்பது அறமா என்னும் வினாவை அறநூல்கள் நேர்முகமாக எடுத்துக்கொள்வது அரிது. உயிர்களைக் கொல்லாமை பற்றியும், பசித்த உயிர்க்கு உணவிடுதல் பற்றியும், பற்றுகளை விடுதல் பற்றியும் தமிழில் விரிவாகவே பேசப்பட்டிருக்கிறது. தன்னைத் துணையாக வரித்துக்கொண்ட ஒரு பறவைக்கு மனிதர் என்ன கடமைப்பட்டவர் என்னும் கேள்வியோ அம்மூன்றிலும் அடங்காமல் நிற்கிறது. வளர்ப்புப் பறவைகள், குறிப்பாகக் காக்டெயில்கள், சிற்றூர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்தில் அக்கேள்வியைத் தள்ளிவைப்பதற்கில்லை.

காக்டெயில் என்பது கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே மிகச் சிறியது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுச் சமவெளிகள் அதன் தாயகம். வால் நுனி வரை ஏறத்தாழ 32 செ.மீ. நீளமும், நூறு கிராமை ஒட்டிய எடையும், சாம்பல் உடலும், கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டும் கொண்ட இப்பறவை, தன் மனநிலையைத் தலைக்கொண்டையின் ஏற்ற இறக்கத்தால் காட்டக்கூடியது. தமிழ்நாட்டு வீடுகளில் அது இடம்பிடித்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், கிளி வளர்க்கும் ஆசை கடல் கடந்த இனங்களின்மீது திரும்பிற்று. தமிழ்நாட்டின் தென்கோடியில், தேரி மணலும் பனையும் முருங்கையும் சூழ்ந்த திசையன்விளைப் பகுதியில், பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போய்விட, முதியோர் மட்டும் எஞ்சிய வீடுகள் பல உண்டு. அத்தகைய வீட்டில் கூப்பிட்டால் சீழ்க்கையடித்துப் பதில் தரும் ஓர் உயிர் எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் துணை நாளடைவில் வேறொரு வடிவம் கொள்வதுண்டு. இரவு பத்து மணி. குழல்விளக்கு எரிகிறது, தொலைக்காட்சி ஓடுகிறது, பறவை வளர்ப்பவரின் தோளில் இருக்கிறது. கை அதன் முதுகைத் தலையிலிருந்து வால்வரை நீவுகிறது. பெண் பறவையானால் உடலைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, மெல்லிய கீச்சொலியை விடாமல் எழுப்பும். ஆணானால் சிறகுகளின் தோள்களை உடலைவிட்டு விலக்கி உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, சீழ்க்கையடித்தபடி அலகால் மேசையைத் தட்டும். பின்பு கழிவாயை விரலிலோ கூண்டுக்கம்பியிலோ தேய்க்கும். தலையை மேலும் கீழும் ஆட்டித் தொண்டைப்பையிலிருந்து தினையைக் கக்கி வளர்ப்பவரின் விரல்நுனியில் வைப்பதும் உண்டு. அவர் அறையை விட்டு எழுந்தால் அலறல் தொடங்குகிறது. வேறொருவர் அவர் அருகே வந்தால் கடி விழுகிறது. அலமாரிக்கடியிலும் கட்டிலுக்குக் கீழும் இருட்டு மூலை தேடி நுழைகிறது. சேவலே இல்லாத வீட்டில் பேடு முட்டையிடுகிறது. எடுத்தால் மறுபடியும் இடுகிறது. உடலின் சுண்ணாம்புச்சத்து வற்றி, ஒரு நாள் முட்டை வெளியேற இயலாமல் உள்ளேயே தங்க, உயிருக்கே கேடாகிறது. வீட்டார் இவை அனைத்தையும் 'என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்காது' என்னும் ஒற்றைப் பெருமிதச் சொல்லில் அடக்கிவிடுகின்றனர்.

இந்நடத்தையின் உடற்காரணங்கள் தெளிவானவை. பறவையின் மூளையில் ஆழ்ந்திருக்கும் ஒளியுணர் செல்கள், மண்டையோட்டின் வழியே ஊடுருவும் வெளிச்சத்தையே உணரவல்லவை. பகல் நீண்டால் அவை மூளையடிச் சுரப்பியைத் தூண்ட, அது இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்ட, ஹார்மோன்கள் எனப்படும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடலையும் நடத்தையையும் மாற்றுகின்றன. திசையன்விளை நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகை வடக்கே இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. ஆகவே அங்கே பறவையின் பகலை நீட்டுவது சூரியனைவிடக் கூடத்து விளக்கே. அதற்குமேல், காக்டெயில் தன் தாயகத்தில் மழையை எதிர்பார்த்து வாழும் பறவை. மழை பெய்து புல்விதைகள் பெருகும்போது தண்ணீருக்கு அருகிலுள்ள மரப்பொந்தில் முட்டையிட்டு, பகலில் ஆணும் இரவில் பெண்ணுமாக அடைகாத்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் குஞ்சு பொரித்து, வறட்சி வந்தால் அந்த வேட்கையையே மறந்து கூட்டத்தோடு அலையும். கூண்டில் வறட்சி வருவதில்லை. குறையாத தினை, வெதுவெதுப்பான சோறு, ஓயாத வெளிச்சம், நுழைவதற்கு ஓர் இருட்டு மூலை, முதுகை நீவும் கை ஆகிய அனைத்தும் சேர்ந்து, பறவையின் உடலுக்கு ஆண்டு முழுதும் மழைக்காலச் செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மழையின் செய்தி பொய்யென்றால், துணையைப் பற்றிய செய்தி அதைவிடப் பெரிய பொய். குஞ்சுப் பருவத்தில் எவரைக் கண்டு எவர் ஊட்டி வளர்ந்ததோ அவரைத் தன் இனமாகவே கொள்ளும் இயல்பு பறவைகள் பலவற்றுக்கு உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரென்ஸ், இவ்வியல்பை 1935இல் விரிவாக எழுதினார்; 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வளர்த்த காக்கை இனத்துப் பறவை ஒன்று அவரையே துணையாக வரித்துப் புழுக்களைக் கொணர்ந்து ஊட்டியது. அவர் வாயை மூடிக்கொண்டபோது அவற்றை அவருடைய காதுக்குள் திணித்தது. காக்டெயில் வணிகத்தில் இரண்டு மூன்று வாரக் குஞ்சைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்து, மனிதரே கரண்டியாலும் சிரிஞ்சாலும் கூழ் ஊட்டி வளர்க்கின்றனர். 'ஹேண்ட் ஃபீடிங் குஞ்சு' என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவது அதுதான். மனிதரிடம் அஞ்சாத, மனிதரை விட்டுப் பிரியாத பறவையை வாங்கியவர், அப்பிரியாமையைப் பறவையின் இயற்கை என்று எண்ணிக்கொள்கிறார்.

இங்கே இரண்டு எளிய முடிவுகள் எதிரெதிரே நிற்கின்றன. 'இது வெறும் ஹார்மோன்' என்பது ஒன்று. 'இது கலப்பற்ற அன்பு' என்பது மற்றொன்று. இரண்டுமே ஏற்கத்தக்கவை அல்ல. உடற்காரணம் உண்டு என்பதாலேயே ஓர் உணர்வு பொய்யாகிவிடுமானால், தாயின் பாலூறலும் தலைவியின் பசலையும்கூடப் பொய்யாக வேண்டும். இன்பம் என்பது எல்லா உயிர்க்கும் பொதுவானது, மனம் விரும்பி மேவுவதால் வருவது என்று தொல்காப்பியப் பொருளியல் கொள்கிறது. மக்களுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைக்கவில்லை. நெய்தல் நிலத்துப் பனையின் மேல் இணையோடு வாழ்ந்து, பிரிந்தால் உயிர் தரியாது என்று சங்கப் புலவர் பாடிய அன்றிலை நினைவிற் கொண்டால், பறவைக்குப் பிரிவுத்துயர் உண்டென்பதில் தமிழ் மரபுக்கு ஐயமே இருந்ததில்லை என்பது விளங்கும். வளர்ப்பவர் வாசலைத் தாண்டியதும் அலறும் காக்டெயிலின் துயரும் உண்மையான துயர்தான். பிழை அந்த உணர்வில் இல்லை. அது சென்று சேர்ந்த இடத்தில் இருக்கிறது. அன்றிலுக்கு அன்றில் உண்டு. காக்டெயிலின் விரல்நுனித் துணையோ அதனோடு பொந்தில் அடைகாக்கவும் மாட்டாது, அதன் மொழியில் பதில் சொல்லவும் மாட்டாது. ஆயினும் நீவிக்கொடுத்து அவ்வேட்கையை ஒவ்வோர் இரவும் மூட்டிவிடுகிறது.

பறவையின் வேட்கையை மனிதர் தவறாகப் படித்த பழைய நிகழ்ச்சி ஒன்று தமிழில் பெரும்புகழ் பெற்றிருக்கிறது. பொதினிமலைத் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், கார்முகிலைக் கண்டு அகவிய மயிலைக் குளிரால் வருந்துகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். அக்கொடையால் கடையெழு வள்ளல்களுள் ஒருவனானான். ஆனால் கார்காலத்தில் ஆண்மயில் தோகையை விரித்துச் சிலிர்க்கச் செய்வது பெண்மயிலை அழைப்பதற்காக. நடுக்கம்போல் தோன்றும் அந்த அசைவு இணைவிழைச்சின் வெளிப்பாடு. குளிர் என்று அவன் கண்டது காதல். ஆகவே பேகனின் அருள் ஒரு பிழையான வாசிப்பின்மேல் எழுந்தது.

பிழையான வாசிப்பால் அருளின் மதிப்புக் குறைந்துவிடுமா என்னும் கேள்விக்குப் புறநானூறே ஒரு விடை தருகிறது. மயில் அப்போர்வையை உடுக்காது, போர்த்துக்கொள்ளாது என்பதை அறிந்தே பேகன் கொடுத்தான் என்று பரணர் பாடுகிறார். அதாவது, கொடையின் பெருமை கொடுப்பவன் உள்ளத்தைப் பொறுத்தது, பெறுவதன் பயனைப் பொறுத்ததன்று என்பது அவர் நிலை. வள்ளன்மையை அளக்க அந்த அளவுகோல் போதுமானது. வளர்ப்புப் பறவையின் நலத்தை அளக்க அது போதாது. போர்வையை உதறிவிட்டு மயில் காட்டுக்குள் போய்விடும். பேகனின் பிழையால் மயிலுக்கு ஒரு தீங்கும் இல்லை. காக்டெயிலுக்கு உதறிவிட்டுப் போக இடமில்லை. வளர்ப்பவர் அதன் நடுக்கத்தை எப்படிப் படிக்கிறாரோ, அப்படிப்பட்ட வாழ்வே அதற்கு விதிக்கப்படுகிறது. பெறும் உயிர் கொடுப்பவரின் கைக்குள்ளேயே அடைபட்டிருக்கும் இடத்தில், நல்லெண்ணம் மட்டும் அறமாகிவிடாது. அந்த உயிரைச் சரியாக அறிந்துகொள்வதே அறத்தின் முதற்படியாகிறது.

பேகன் வரலாற்றின் மறுபாதியும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. மயிலுக்கு இரங்கிய அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான் என்பதும், கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் பரிசில் வேண்டாது, அவள் துயர் தீர்க்கும்படி அவனை வேண்டினர் என்பதும் புறப்பாடல்களால் அறியப்படுகின்றன. புலவர் நால்வரும் கேட்டது மிக எளியது: அவன் இரக்கம் அவனால் துயருற்ற உயிரிடம் முதலில் செல்லட்டும் என்பதே. ஒருவர் தம் செய்கையால் யாருக்குத் துயர் விளைத்தாரோ, அவருக்கே முதற்கடன் பட்டவர். கையூட்டி வளர்த்த பறவையின் ஏக்கத்துக்கும் இந்த முறைமை அப்படியே பொருந்துகிறது.

வடமொழிப் புராணங்களில் இதற்கு நெருங்கி வரும் கதை பரதனுடையது. அரசு துறந்து கண்டகி ஆற்றங்கரையில் தவமிருந்த பரதன், தாயிழந்த மான்கன்று ஒன்றை எடுத்து வளர்த்து, அதன்மேல் கொண்ட பற்றால் தவம் நழுவி, அதை எண்ணியே உயிர்விட்டு, மறுபிறவியில் மானாகப் பிறந்தான் என்று விஷ்ணு புராணமும் பாகவதமும் கூறுகின்றன. துறவிக்குப் பற்று எத்தகைய தளை என்பதைக் காட்ட இதைவிடக் கூரிய கதை இல்லை. ஆயினும் கதையின் கண் முழுவதும் பரதன்மேலேயே இருக்கிறது. மனிதக் கையில் வளர்ந்த அந்த மானுக்கு, தன் இனத்தாரோடு சேர்ந்து மேயும் வாழ்வு எஞ்சியதா என்று கதை கேட்பதில்லை. பற்று பற்றுபவரைக் கட்டுகிறது என்பது மட்டுமே அங்கே பாடம். பற்றப்படும் உயிரையும் அது கட்டிவிடுகிறது என்பது சொல்லப்படாமலே நின்றுவிட்டது. வளர்ப்புப் பறவை பற்றிய சிந்தனை அந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

உயிரிரக்கத்தைச் சமயத்தின் உயிர்நாடியாகவே வைத்த வள்ளலார், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசி தீர்த்தலை ஜீவகாருண்யத்தின் முதன்மைச் செயலாக்கினார். வயிற்றுப்பசி தீர்த்தால் தணியும். அதனால்தான் அது ஐயமற்ற அறம். காக்டெயிலின் வேட்கையோ வேறு வகையானது. முதுகை நீவினால் அது தணிவதில்லை, வளர்கிறது. இன்னும் நீவினால் இன்னும் முட்டை, இன்னும் அலறல், இன்னும் கடி. சில பறவைகள் ஏக்கம் முற்றித் தம் நெஞ்சு இறகுகளைத் தாமே பிடுங்கிக்கொள்கின்றன. கொடுக்கக் கொடுக்கப் பெருகும் தேவையைத் தொடர்ந்து கொடுத்து நிறைவேற்ற முயல்வது ஜீவகாருண்யமாகாது. வேட்கை எந்தக் காரணத்தால் எழுகிறதோ அக்காரணத்தை மாற்றுவதே அதற்குரிய தருமச்சாலை.

அப்படியானால் கூண்டைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம்; விடுதலையே முடிவான அறம் என்னும் எண்ணம் இந்நாட்டுச் சமயங்களில் ஊறியது. தில்லி செங்கோட்டை எதிரே திகம்பர சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை, குணமான பறவைகளை மீண்டும் கூண்டுக்கு அனுப்பாமல் வானில் விடுவதை நெறியாகக் கொண்டுள்ளது. இந்நாட்டுப் புறாவுக்கும் கிளிக்கும் அது விடுதலைதான். திசையன்விளை வானில் விடப்பட்ட காக்டெயிலுக்கு அது விடுதலையன்று. இரை தேடக் கற்காத, பருந்தையும் பூனையையும் அறியாத, தன் இனத்தார் ஒருவரும் இல்லாத நிலத்தில் அது சில நாள்களில் மடியும். விடுவிக்கவும் இயலாது, கூண்டில் தவிக்கவிடவும் கூடாது என்னும் இந்த இக்கட்டுக்கு, சைவ சித்தாந்தத்தின் ஒரு கருத்து எதிர்பாராத வகையில் துணைசெய்கிறது. கட்டுண்ட உயிரை இறைவன் ஒரே நொடியில் கட்டவிழ்ப்பதில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், அதாவது உடல், மனம் முதலிய கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள்கள் ஆகியவற்றைத் தந்து, அவற்றின் வழியே உயிரைப் பக்குவப்படுத்துகிறான் என்பது அச்சமயத்தின் கொள்கை. மனிதர் இறைவனாக மாட்டார். ஆயினும் கூண்டுப் பறவையின் உலகத்தையும் நுகர்ச்சியையும் ஆக்கித் தருபவர் உண்மையிலேயே அவர் ஒருவர்தான். அவர் ஏற்காத பொறுப்பை ஏற்க அங்கே வேறு யாருமில்லை.

அந்தச் சைவ சமயமே அருளின் இரு முகங்களையும் பிரித்துக் காட்டுகிறது: இனிமையாய் வெளிப்படும் அறக்கருணை, கடுமைபோல் தோன்றும் மறக்கருணை. திசையன்விளையிலிருந்து கடற்கரை வழியே வடகிழக்கில் போனால் வரும் திருச்செந்தூரில், ஐப்பசிக் கந்த சஷ்டிதோறும் லட்சக்கணக்கானோர் காணும் சூரசம்ஹாரம் மறக்கருணைக்குத் தமிழ்நாடறிந்த சான்று. மாமரமாய் நின்ற சூரபன்மனை முருகனின் வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி மயிலாகி ஊர்தியாயிற்று, மறுபாதி சேவலாகிக் கொடியாயிற்று. அழிக்கப்பட்டதாகத் தோன்றும் உயிர் அங்கே தன் உரிய இடத்தைப் பெறுகிறது. அவ்விடம் ஒரு பறவையின் வடிவம் என்பதும் இக்கட்டுரைக்கு இனிய பொருத்தமே. வாலை உயர்த்தித் தாழ்ந்து நிற்கும் பேட்டின் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொள்வதும், கக்கி ஊட்ட வரும் ஆணிடமிருந்து விரலை விலக்கிக்கொள்வதும், அளவிற் சிறியதாயினும் அந்த வகையைச் சேர்ந்த கருணையே. ஆனால் எல்லை ஒன்று இங்கே இன்றியமையாதது. தண்டிக்கும் உரிமை மனிதருக்கு இல்லை. அலறும் பறவையை அதட்டுவதும், கடித்ததற்காக அலகில் தட்டுவதும், கூண்டோடு இருட்டறையில் அடைப்பதும் கருணையின் எந்த முகமும் அல்ல. பறவை தவறு எதுவும் செய்யவில்லை.

மறுத்தலோடு மட்டும் நின்றுவிட்டால் அதுவும் கொடுமையாய் முடியும்; மறுத்த இடத்தில் வேறொரு வாழ்வு நிரம்ப வேண்டும். வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் பறவையின் பகலை முடித்து, அமைதியான அறையில் கூண்டைத் துணியால் மூடிப் பதினொன்று பன்னிரண்டு மணி நேர இருளைத் தருவது முதல் மாற்றம். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அது நடவாது. இருட்டு மூலைகளும் பெட்டிகளும் துணிக்குவியலும் பறவைக்குப் பொந்தாகத் தோன்றுவதால் அவற்றை விலக்க வேண்டும். வெதுவெதுப்பான சோற்றுக்கு மாற்றாகத் தோட்டத்து முருங்கைக் கொத்தைக் கூண்டில் தொங்கவிட்டு, தினையைக் கிண்ணத்தில் குவிக்காமல் ஓலைக் கிழிசல்களுக்குள் மறைத்துத் தேடி உண்ணச் செய்தால், காட்டில் பகல் முழுதும் தரையில் விதை பொறுக்கிய இனத்தின் அறிவுக்கு வேலை கிடைக்கிறது. ஒரே பருமனுள்ள வழுவழுப்பான குச்சியைவிட வேப்பங்கிளை காலுக்கு நல்லது. திசையன்விளைக்கு அருகிலுள்ள உவரிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி உப்புநீக்கி உலர்த்திக் கூண்டில் செருகினால், முட்டையிடும் பேட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து அதிலிருந்து ஓரளவு கிடைக்கும். முட்டை வந்துவிட்டாலோ உடனே அதைப் பறிப்பது தவறு. இழந்ததை ஈடுசெய்ய உடல் மறுபடியும் முட்டையிடும். மூன்று வாரம் அடைகாத்துச் சலித்துத் தானே விட்டொழியும்வரை காத்திருப்பதே நலம். தொடுதல் முழுவதும் விலக்கப்பட வேண்டியதில்லை. கூட்டத்துப் பறவைகள் ஒன்றையொன்று அலகால் கோதிக்கொள்வது தலையிலும் கழுத்திலும்தான். மனித விரலும் அங்கே மட்டும் நிற்குமானால் அது தோழமையாகவே பறவைக்குப் பொருள்படும்.

இத்தகைய தோழமைக்கு முன்மாதிரி இப்பகுதியின் வழிபாட்டிலேயே உண்டு. உவரிக் கடற்கரையின் அந்தோணியார் கோயில் இங்குள்ள எல்லா மதத்தாரும் செல்லும் தலம். அந்தோணியார் சேர்ந்திருந்த துறவுச் சபையை நிறுவியவர் அசிசி பிரான்சிஸ். அவரைப் பற்றிய 14ஆம் நூற்றாண்டுக் கதைத்தொகுப்பில், விற்பனைக்குக் கொண்டு செல்லப்பட்ட காட்டுப் புறாக்களை அவர் கேட்டு வாங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவற்றை மடியில் ஏந்தியவர் அங்கேயே வைத்துக்கொண்டுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூடு கட்டிக் கொடுத்தார். அவை இணை சேர்ந்து, முட்டையிட்டு, துறவிகள் கண்முன்னே குஞ்சு பொரித்தன. உயிர்ப்பலியைக் கடிந்து விலக்கிய அய்யா வைகுண்டர் (1809–1851), தாழ்ந்து கிடக்கும் உயிரைக் காப்பதையே தருமமாகப் போதித்தவர். அவர் வழி நடப்போரின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்கள் திசையன்விளையைச் சுற்றிலும் உள்ளன. காப்பது என்பது காக்கப்படும் உயிரின் வாழ்வை அதனிடமே விட்டுவைப்பது என்னும் கருத்து அம்மண்ணுக்குப் புதிதன்று.

அதற்கு நேரடிச் சான்று நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவ்வூரார் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் தம் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்ட விட்டு, எச்சத்தையும் நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்து, தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் வாழ்ந்து வருகின்றனர். பறவை வந்தால் மழையும் வளமும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீனூட்டிப் பேணுவோரும் அங்கே உண்டு. அந்தப் பறவைகளில் எதுவும் அவ்வூராரைத் துணையாகக் கொள்வதில்லை. பருவம் முடிந்ததும் திரும்பிப் பாராமல் போய்விடுகின்றன. பறவை தம்மை நேசிக்க வேண்டும் என்று கேளாமலே அதை நேசிப்பவர்கள் ஓர் ஊர் அளவுக்கு இருக்கிறார்கள் என்பது, காக்டெயில் வளர்ப்போர் நெருங்கிச் சென்று பார்க்க வேண்டிய உண்மை.

ஆனாலும் இவ்வளவும் சொன்னபின் ஒரு மறுப்பு எஞ்சுகிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. கூந்தன்குளத்தார்க்கு ஊர் இருக்கிறது. பிள்ளைகள் தொலைவிலிருக்க, தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் மூதாட்டிக்குத் தோளில் அமரும் அந்தப் பறவையே ஊர். அவரிடம் சென்று, அதை ஆறு மணிக்கே மூடிவிடுங்கள், முதுகைத் தடவாதீர்கள் என்று சொல்வது, கிடைத்த ஒரே அணைப்பையும் பறிப்பதாகத் தோன்றும். அவருடைய தேவையும் பறவையின் தேவையைப் போலவே உண்மையானது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டதில் வியப்பும் இல்லை, இழிவும் இல்லை. ஆனால் அவ்விருவரில் தன் நிலையை அறியக்கூடியவர் ஒருவரே, மாற்றக்கூடியவரும் அவரே. மேலும் காக்டெயில் நன்கு பேணப்பட்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. அவர் மறைந்தபின் அவர் குரலையன்றி வேறெதையும் துணையாக அறியாத பறவை யார் கையில் எப்படி வாழும் என்பதை, அப்பறவையை உண்மையிலேயே நேசிப்பவர் எண்ணாதிருக்க இயலாது. பகலில் பேச்சும் சீழ்க்கையும் தோழமையும் தாராளமாக இருக்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்தும் தினை உண்ணப் பழகியிருக்கலாம். முடியுமானால், முதலில் தனித்தனிக் கூண்டில் பக்கத்தில் வைத்துப் பழக்கி, தன் இனத்தில் ஒரு துணையும் சேர்க்கலாம். மனிதக் கையிலேயே வளர்ந்த பறவை தன் இனத்தை உடனே ஏற்காது. சில ஒருபோதும் ஏற்பதில்லை. அப்படி ஏற்காத பறவைக்குத்தான் மேற்சொன்ன பொறுமை வாழ்நாள் முழுதும் தேவைப்படுகிறது.

இப்பொறுமை முழுவதும் தேவைப்படக் காரணமான செயல், பறவை வீட்டுக்கு வருமுன்பே, குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்த அன்று நடந்து முடிந்துவிடுகிறது. பெற்றோரே ஊட்டி வளர்க்கும் காக்டெயில் குஞ்சு இரண்டு இரண்டரை மாதத்தில் தானே இரை எடுக்கும். அந்நாள்களில் கூட்டிலேயே அன்றாடம் சற்று நேரம் மனிதக் கைக்குப் பழகிய குஞ்சு, மனிதரைக் கண்டு அஞ்சாமலும் தன் இனத்தை மறவாமலும் வளர்கிறது. கைக்கூழ் ஊட்டிய குஞ்சைப்போல அது முதல் நாளே தோளில் ஏறி உறங்காது. சில வாரம் ஆகும். விற்பவர் எந்தக் குஞ்சை வளர்ப்பார் என்பதை, வாங்க வருபவர் எதைக் கேட்கிறார் என்பதே முடிவுசெய்கிறது.